அரை இஞ்ச் தள்ளி நின்ற குதிரை

என் அப்பாவுக்குக் காது இரண்டு. இரண்டும் கண்ணாடி மாட்டிக்கொள்ள மட்டும்தான் பயன்பட்டன. இது நான் சொல்வதல்ல, அம்மா சொல்வாள். அதுவும் அப்பா எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே சொல்வாள். அப்பா சிரித்துக்கொண்டே ரசத்துக்குக் கையேந்துவார். கோயில் மணிக்கும் ஐஸ் வண்டி மணிக்கும் வித்தியாசம் தெரியாதவர் என்று அவரைக் கேலி செய்வது எங்கள் வீட்டில் அன்றாடம் நடப்பது. அப்பேர்ப்பட்ட மனிதர்தான், மன்னார்புரத்து வாடகை வீட்டின் கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து, ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாக எலெக்ட்ரிக் கிதார் செய்துகொண்டிருந்தார். ஒன்று இரண்டல்ல, மொத்தம் ஏழு. நான் சொல்லப்போவது மூன்றாவது கிதாரின் கதை. எழுபதுகளின் கடைசி. எனக்குப் பத்து வயது.

அப்பாவுக்கு அரியமங்கலம் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன ஃபவுண்டரியில் வேலை. அங்கே எஃகை உருக்கி வார்ப்பதற்கு முன்னால், வார்க்க வேண்டிய சாமானை அச்சு அசலாக மரத்தில் செய்து கொடுக்க வேண்டும். அதை மணலில் பதித்து எடுத்தால் ஒரு பள்ளம் கிடைக்கும். அந்தப் பள்ளத்தில்தான் எஃகை ஊற்றுவார்கள். மரத்தில் செய்யும் அந்த மாதிரிக்குப் பேட்டர்ன் என்று பெயர். பதினெட்டு வருஷமாக அப்பா பேட்டர்ன் செய்தார். மரத்தைப் பொறுத்தவரை அவர் கை சொன்னபடி கேட்கும். காது இல்லாவிட்டால் என்ன, கையும் அளவுகோலும் இருந்தால் எதையும் செய்துவிடலாம் என்பது அவருடைய கட்சி.

இந்தக் கிதார் பைத்தியத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தவர் சித்தப்பா. பி.காம். முடித்துவிட்டு எங்களோடு தங்கி வேலைக்கு எழுதிப் போட்டுக்கொண்டிருந்தார். பாலக்கரையில் ஒரு சிநேகிதன் வீட்டில் கிதார் பழகியிருந்தார். சிநேகிதன் மெட்ராஸுக்குப் போனபோது கிதாரும் கூடவே போய்விட்டது. சித்தப்பா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அதைப் பார்த்து அப்பா, "இதென்னடா பிரமாதம், மரக்கட்டைதானே? நான் செஞ்சு தரேன்" என்று வாயைக் கொடுத்துவிட்டார்.

முதல் கிதார், கம்பியை முறுக்கியதும் கழுத்து வளைந்து வில்லாகிவிட்டது. இரண்டாவது, யாரிடமோ ஒருநாள் இரவல் வாங்கிய கிதாரைப் பலகைமேல் கிடத்தி, கோடு கோடாக நகல் எடுத்தது. நன்றாகத்தான் பேசியது. ஆனால் அம்மிக்கல் கனம். சித்தப்பா அதை மாட்டிக்கொண்டு பத்து நிமிஷம் நின்றால் பதினோராவது நிமிஷம் தோளைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். மூன்றாவதுதான் யாரையும் பார்த்து எழுதாமல், அப்பா சொந்தக் கணக்கில் செய்தது. அதனால் அதன் மேல் அவருக்குத் தனிக் கர்வம்.

கணக்கு என்றால் சும்மா இல்லை. கிதாரின் கழுத்தில் குறுக்கே பித்தளைக் கம்பிகள் வரிசையாகப் பதிந்திருக்கும். வீணையில் மெட்டு என்போமே, அது. ஒவ்வொரு மெட்டும் எங்கே உட்கார வேண்டும் என்பதற்கு ஒரு வகுத்தல் உண்டு. மிச்சமிருக்கும் நீளத்தைத் திரும்பத் திரும்பப் பதினேழு புள்ளி எட்டுச் சொச்சத்தால் வகுத்துக்கொண்டே போக வேண்டும். அப்பா அதை என் பழைய நோட்டுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் நாலு தசம ஸ்தானம் வரை போட்டார். ஃபவுண்டரியில் மரத்தை இறுக்கிப் பிடிக்க நல்ல வைஸ் இருந்ததால் கழுத்தை மட்டும் அங்கே எடுத்துப்போய், மத்தியானச் சாப்பாட்டு வேளைகளில் அளந்து, அறுத்து, மெட்டுப் பதித்தார். உடம்பை வீட்டில் வைத்துச் செய்தார். யாருக்கும் வேண்டாமல் கழித்துப்போட்ட ஒரு பெரிய பேட்டர்னின் தேக்கு அது. கம்பிகளின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தத்தைச் சுற்றி மயிரிழைச் செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்ற வேண்டியிருந்தது. அதற்கு அம்மாவின் தையல் மிஷின்தான் உதவியது. பாபின் சுற்றும் சக்கரத்தில் அதை மாட்டி, அப்பா கம்பியைப் பிடிக்க, அம்மா மிதித்தாள். மூன்று தடவை கம்பி அறுந்தது. மூன்று தடவையும் தப்பு யாருடையது என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இருந்தது.

கடைசியில் பெயின்ட். ஃபவுண்டரியில் பேட்டர்ன்களுக்குச் சிவப்பும் மஞ்சளும்தான் அடிப்பார்கள். அப்பாவுக்குத் தெரிந்த நிறங்களும் அவைதான். சித்தப்பா பார்த்துவிட்டு, "அண்ணே, தீயணைப்பு வண்டி மாதிரி இருக்கேண்ணே" என்றார் பரிதாபமாக. "தூரத்துலேருந்து பளிச்சுன்னு தெரியும்டா" என்றார் அப்பா.

இந்த நேரத்தில்தான் சித்தப்பாவை ஒரு மெல்லிசைக் குழுவில் கூப்பிட்டார்கள். அவர்களுடைய கிதார்காரர் கல்யாணமாகி மாமனார் ஊரோடு போய்விட்டாராம். எங்கள் பக்கத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் கச்சேரி. அதில் வாசித்துக் காட்டினால் குழுவில் நிரந்தரமாகச் சேர்த்துக்கொள்கிறேன், ஆனால் கிதார் சொந்தமாக இருக்க வேண்டும் என்று குழுவின் மாஸ்டர் சொல்லிவிட்டார். சித்தப்பா தரையில் நடக்கவில்லை. ஆறு மாதமாகத் தபால்காரரைப் பார்த்தாலே முகம் சுருங்கும் மனிதர், அன்று அவருக்கு மோர் கொடுத்து அனுப்பினார்.

கம்பி மாட்டி, சுருதி கூட்டி, பழைய ரேடியோவில் இணைத்துச் சித்தப்பா தட்டியபோது வீடே ஒரு அதிர்வு அதிர்ந்தது. நான் கைதட்டினேன். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். சித்தப்பா கழுத்தின் கீழ்க்கோடிவரை விரலை ஓட்டி ஒரு சுற்று வாசித்தார். அடுப்படியிலிருந்து அம்மா தலையை நீட்டினாள்.

"தம்பி, அந்தக் கம்பியைச் சும்மா மீட்டுங்க. இப்ப நட்டநடு மெட்டுல வெச்சு மீட்டுங்க."

மீட்டினார்.

"கீழ் ஸா சரியா இருக்கு. மேல் ஸா கொஞ்சம் ஏறி நிக்குது" என்றாள் அம்மா.

"ஏறி நிக்க அதென்ன டவுன் பஸ்ஸா?" என்றார் அப்பா.

அம்மா ஸ்ரீரங்கத்தில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணத்துக்கு முன்னால் எட்டு வருஷம் முறையாகப் பாட்டுக் கற்றவள். பெண் பார்க்க வந்த அன்று அவளைப் பாடச் சொல்லியிருக்கிறார்கள். கண்ணை மூடி உருகி உருகிப் பாடி முடித்துக் கண்ணைத் திறந்தால், அப்பா தன் தம்பியிடம், "நல்லா சத்தமா பாடுறாங்க இல்ல?" என்று கேட்டுக்கொண்டிருந்தாராம். இதை அம்மா சிரித்துச் சிரித்துச் சொல்வாள். ஆனால் அவள் பாடி நான் கேட்டதே இல்லை. யாரும் பாடாதே என்று தடுக்கவில்லை. கேட்க ஆள் இல்லை, அவ்வளவுதான். பாட்டு என்பதும் பள்ளிக்கூடம் மாதிரி, ஒரு வயதில் முடிந்துபோகிற விஷயம் என்று நான் நினைத்திருந்தேன்.

"நாலு தசமம் போட்டு அளந்திருக்கேன். அது எப்படி ஏறும்? உன் காதுலதான் ஏதோ ஏறியிருக்கு" என்றார் அப்பா. அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். அம்மா அடுப்படிக்குப் போனாள். பாத்திரங்கள் பேசின.

சித்தப்பாவைக் கேட்டால், "அண்ணன் சொல்றதும் சரிதான், அண்ணி சொல்றதும் சரிதான்" என்றார். சரியான கோழை! இரண்டு வேளைச் சோறும் அண்ணி கையால், கிதாரோ அண்ணன் கையால். பாவம், அவர்தான் என்ன செய்வார். ஆனால் வெள்ளிக்கிழமை ஒத்திகைக்குப் போய்விட்டு வந்தவர் முகத்தில் ஈயாடவில்லை. கழுத்தின் மேல்பக்கத்தில் வாசிக்கும்வரை யாரும் ஒன்றும் சொல்லவில்லையாம். கீழே இறங்க இறங்கப் பாடகர் காதைப் பொத்திக்கொண்டாராம். "தம்பி, அடுத்த ஞாயித்துக்கிழமைக்குள்ள இதைச் சரி பண்ணிட்டு வாங்க. இல்லேன்னா நான் வேற பையனைப் பார்த்துக்கறேன்" என்று மாஸ்டர் மரியாதையாகவே சொல்லி அனுப்பிவிட்டார். இன்னும் ஒன்பது நாள்.

நியாயமாக அப்போதாவது அப்பா இறங்கி வந்திருக்க வேண்டும். வந்தாரா? மறுநாள் சனிக்கிழமை, ஃபவுண்டரியிலிருந்து தன் எஃகு ஸ்கேலைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். அம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். நோட்டுப் புத்தகத்தை நான் வாசிக்க, அவர் ஒவ்வொரு மெட்டாக அளந்து காட்டினார். அத்தனையும் பொருந்தியது. "பார்த்தியா? இம்மி பிசகல" என்றார். அம்மா, "அளவு சரியா இருக்கலாம். ஸா சரியா இல்ல" என்று எழுந்து போய்விட்டாள். அதிலிருந்து இருவருக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. எல்லாம் என் வழியாகத்தான். "சாப்பாடு எடுத்து வெச்சாச்சுன்னு உங்கப்பாகிட்ட சொல்லு." "பசி இல்லேன்னு உங்கம்மாகிட்ட சொல்லு." இருவருக்கும் நடுவில் இரண்டடி தூரம்கூட இருக்காது. எனக்கு வாய் வலித்தது. சித்தப்பா அந்தச் சிவப்பு மஞ்சள் கிதாரை மடியில் போட்டுக்கொண்டு, அதை மீட்டவும் மனமில்லாமல் கீழே வைக்கவும் மனமில்லாமல் உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்க்க எனக்கு அழுகையாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு வீட்டுப்பாடம்: பத்துக் கோடுகள், சொன்ன அளவுக்கு வரைந்து கொண்டுவர வேண்டும். என் மர ஸ்கேலைப் போன வாரமே பக்கத்து வீட்டுப் பையனோடு கத்திச் சண்டை போட்டு உடைத்திருந்தேன். மேசைமேல் அப்பாவின் ஃபவுண்டரி ஸ்கேல் பளபளவென்று கிடந்தது. அதை வைத்துச் சீவிய பென்சிலால் பத்துக் கோடும் போட்டேன். அவ்வளவு அழகாக நான் என் வாழ்நாளில் வீட்டுப்பாடம் செய்ததில்லை.

திங்கட்கிழமை கணக்கு சிஸ்டர் ஒவ்வொரு கோட்டையும் தன் ஸ்கேலால் அளந்தார். பதினைந்து சென்டிமீட்டர் கோடு, பதினைந்தும் மூன்று மில்லிமீட்டரும் இருந்தது. பத்து சென்டிமீட்டர், பத்தும் இரண்டும். சின்னக் கோடுகள் மட்டும் தப்பித்தன. "கண்ணை எங்க வெச்சிக்கிட்டு வரைஞ்சே?" என்று ஏழு தப்புப் போட்டு, வகுப்புக்கு வெளியே நிற்கவைத்தார். நான் அழவில்லை. வீடு வந்து செருப்பைக் கழற்றியதும்தான் அழுதேன். "சிஸ்டரோட ஸ்கேல்தாம்மா தப்பு! நான் அப்பாவோட ஸ்கேல்ல போட்டேன். அப்பா ஸ்கேல் தப்பா இருக்குமா?"

அம்மா தலைமுடியை முடிந்துகொண்டே வந்தவள் அப்படியே நின்றாள். என் நோட்டை வாங்கிப் பார்த்தாள். அப்பா மேசைமேல் மறந்துவிட்டுப் போயிருந்த ஃபவுண்டரி ஸ்கேலை எடுத்தாள். தையல் மிஷின் டிராயரிலிருந்து வீட்டு ஸ்கேலையும் எடுத்தாள். வீட்டில் அப்பா வேலை செய்யும்போது எடுத்துக்கொள்வது அதைத்தான். இரண்டையும் ஜன்னல் கட்டையில் சேர்த்து வைத்து, பூஜ்யம் இருக்கும் முனையை விரலால் ஒட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"முப்பது எங்க இருக்கு, பாரு."

பார்த்தேன். இரண்டு முப்பதும் ஒரே இடத்தில் இல்லை! ஃபவுண்டரி ஸ்கேலின் முப்பது ஒரு நெல்மணி அளவு தள்ளிப்போய் நின்றது.

"அய்யய்யோ, அப்பாவோட ஸ்கேல்தான் தப்பு!" என்று கத்தினேன்.

"தப்பில்லடி. அது எஃகுக்கு உண்டான ஸ்கேல்" என்றாள் அம்மா. உருக்கி ஊற்றிய எஃகு ஆறும்போது சுருங்குமாம். நூற்றுக்கு இரண்டு பங்கு. அதனால் பேட்டர்னை அந்த அளவுக்குப் பெரிதாகச் செய்ய வேண்டும். ஒவ்வொரு தடவையும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க முடியுமா? அதற்காகவே சென்டிமீட்டரைக் கொஞ்சம் இழுத்து நீட்டி ஒரு ஸ்கேல் செய்து வைத்திருக்கிறார்கள். பேட்டர்ன் வேலைக்காரர்களைத் தவிர வேறு யார் கையிலும் அதைப் பார்க்க முடியாது. பதினெட்டு வருஷமாக அப்பாவின் கைக்கு அதுதான் சென்டிமீட்டர். ஃபவுண்டரியில் உட்கார்ந்து மெட்டுகளை அளந்தபோது, பழக்க தோஷத்தில் கை அதை எடுத்திருக்கிறது. வீட்டில் உட்கார்ந்து கிதாரின் கடைசியில் கம்பிகளைத் தாங்கும் பித்தளைக் கட்டையைப் பொருத்தியபோது, வீட்டு ஸ்கேலை எடுத்திருக்கிறது. மெட்டுகள் எஃகு கணக்கில், கட்டை ஊர்க் கணக்கில். கிதாரும் ஆறிச் சுருங்கும் என்று கை நினைத்துக்கொண்டது போல! சனிக்கிழமை அவர் அளந்து காட்டினாரே, அதே ஸ்கேலால் அளந்தால் அது எப்படிப் பிசகும்?

"உனக்கு எப்படிம்மா இதெல்லாம் தெரியும்?" என்றேன்.

"கல்யாணமான புதுசுல உங்கப்பா என்னை முக்கொம்புக்குக் கூட்டிட்டுப் போனாரு. சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்து எஃகு எப்படிச் சுருங்கும்னு சொன்னாரு" என்றாள் அம்மா. அவள் முகத்தில் நாலு நாளாகக் காணாத சிரிப்பு வந்தது.

ஓடிப்போய்ச் சித்தப்பாவிடம் சொல்லலாம் என்று கிளம்பியவளை அம்மா கையைப் பிடித்து நிறுத்தினாள். "தம்பிகிட்ட வாயத் திறந்தே, தோசை கிடையாது." எனக்குப் புரியவில்லை. ஜெயித்தவர்கள் ஏன் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்? ஆனாலும் தோசைக்காக அடங்கினேன். மறுநாள் காலை, அப்பாவின் சாப்பாட்டுப் பையில் டிபன் கேரியருக்குப் பக்கத்தில், பூஜ்ய முனைகள் ஒட்டியிருக்கும்படி ரப்பர் பேண்டு போட்டு இரண்டு ஸ்கேல்களையும் அம்மா வைத்ததை நான் பார்த்தேன். ஒரு சீட்டு இல்லை, ஒரு வார்த்தை இல்லை.

அன்று அப்பா அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தார். எனக்குத் தெரிந்து அவர் அரை நாள் லீவு போட்டது அதுவே முதல் தடவை. எனக்கு லேசாகக் காய்ச்சல் என்று அம்மா பள்ளிக்கு அனுப்பவில்லை. அதனால் எல்லாவற்றையும் பார்க்கும் பாக்கியம் கிடைத்தது. அரியமங்கலத்திலிருந்து வெயிலில் சைக்கிளை மிதித்து வந்தவர், சட்டையைக்கூடக் கழற்றாமல் கொல்லைக்குப் போனார். திருப்புளியை எடுத்துப் பித்தளைக் கட்டையின் இரண்டு திருகையும் கழற்றினார். கம்பியின் அழுத்தத்தில் மட்டும் அது நின்றது.

"இந்தா, கொஞ்சம் வந்து பாரேன்" என்று அடுப்படிப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டார். என் வழியாக இல்லை. நேராக.

அம்மா உடனே போய்விடவில்லை. குழம்பை இறக்கினாள். கையைக் கழுவினாள். முந்தானையில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். பிறகு போய், "குதிரையை இந்தப் பக்கம் தள்ளுங்க" என்றாள். அந்தக் கட்டைக்கு வீணைக்காரர்கள் குதிரை என்றுதான் சொல்வார்களாம். அப்பா மயிரிழை மயிரிழையாகத் தள்ளினார். தள்ளத் தள்ளச் சித்தப்பா சுருதி கூட்டி மீட்டினார். அம்மா கண்ணை மூடிக்கொண்டு, "இன்னும்... இன்னும் கொஞ்சம்... போங்க... ஆங், நில்லுங்க!" என்றாள். அப்பா பென்சிலால் கோடு போட்டார். வீட்டு ஸ்கேலை வைத்து அளந்தார். பழைய இடத்திலிருந்து ஒன்றே கால் சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல், அரை இஞ்ச்.

"கணக்குலயும் இதான் வருது" என்றார் மெல்ல.

"கணக்கு வரட்டும். சோறு ஆறுது, வாங்க" என்றாள் அம்மா. சித்தப்பா நடுமெட்டில் விரலை வைத்துத் திரும்பத் திரும்ப அந்த ஒரே ஸ்வரத்தை மீட்டிக்கொண்டிருந்தார். அவர் கண்ணில் தண்ணீர். பழைய திருகு ஓட்டைகள் இரண்டையும் அப்பா தேக்கு ஆப்பு அடித்து மூடினார். பெயின்ட் அடித்தும் அவை இரண்டு கொசுக்கடி போலத் தெரிந்துகொண்டுதான் இருந்தன.

கச்சேரி நன்றாக நடந்தது. கோயில் பந்தலில் அந்தச் சிவப்பு மஞ்சள் கிதார், அப்பா சொன்னபடி தூரத்திலிருந்தே பளிச்சென்று தெரிந்தது. சித்தப்பா மேலும் கீழும் விரலை ஓட்டினார். பாடகர் காதைப் பொத்தவில்லை. மாஸ்டர் இறங்கி வந்து சித்தப்பாவின் தோளைத் தட்டியபோது நான் பெஞ்சின் மேல் ஏறிக் குதித்தேன். அப்பா மட்டும் மேடையைப் பார்க்கவே இல்லை. பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவையே கச்சேரி முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் கையால் செய்ததைத் தானே பார்க்காமல் இப்படியும் ஒரு மனிதரா என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

அதற்கப்புறம் அப்பா இன்னும் நாலு கிதார் செய்தார். கழுத்தையும் வீட்டிலேயே, வீட்டு ஸ்கேலாலேயே செய்தார். ஃபவுண்டரி ஸ்கேல் கொல்லைப்பக்கம் வரவே கூடாது என்று அவரே சட்டம் போட்டுவிட்டார். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் குதிரையைப் பொருத்தும் நாளில், "இந்தா, கொஞ்சம் வந்து பாரேன்" என்று அம்மாவைக் கூப்பிடுவார். ஒரு நிமிஷ வேலை. அம்மா ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பாள். அடுப்பில் ஏதாவது தீய்ந்துபோகும்.

நாலாவது கிதாரின்போது நான் முருங்கை மரத்தடியில் உட்கார்ந்து கல் ஆடிக்கொண்டிருந்தேன். அப்பா வீட்டு ஸ்கேலை எடுத்து நிதானமாக அளந்து, குதிரை நிற்க வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டார். சரிபார்த்தார். பிறகு கட்டைவிரலை எச்சில் தொட்டு அந்தக் கோட்டை அழித்தார். அழித்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டார்.

அம்மா வந்து, கண்ணை மூடி, "இன்னும்... இன்னும்" என்று ஆரம்பித்து, இந்தத் தடவை தானே ஸா பிடித்துப் பாடிக் காட்டி, "நில்லுங்க" என்றாள். அப்பா கோடு போட்டார். நான் எட்டிப் பார்த்தேன். அழித்த கோட்டின் மங்கலான தடத்தின் மேலேயே புதுக் கோடு விழுந்திருந்தது.

ஓஹோ, அப்பா பரீட்சை வைக்கிறார், விடையை முன்கூட்டியே எழுதி மறைத்துவிடுகிறார் என்று நான் கண்டுபிடித்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. ஏழாவது கிதார் வரை அம்மா ஒரு தடவைகூடத் தோற்கவில்லை. ஒவ்வொரு தடவையும் கையைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குத் திரும்பும்போது, வாய்விட்டுப் பாடிக்கொண்டேதான் போவாள். கொல்லையில் அப்பா திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு, அது முடியும்வரை அசையாமல் உட்கார்ந்திருப்பார். பரீட்சையில் பாஸான சந்தோஷத்தில்தான் அம்மா பாடுகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.